5 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மரில் 80 வாட் மட்டும் இழப்பா? கணக்கு எங்கே பிசகுகிறது

கேள்வி இதுதான். சிங்கிள் பேஸ், 5 கே.வி.ஏ., 230/115 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் டிரான்ஸ்பார்மர் ஒன்று. விளக்கு லோடு போட்டு முழு மின்னோட்டம் எடுத்தபோது இன்புட் 4950 வாட், அவுட்புட் 4870 வாட். எஃபிஷியன்சி 98.4% வருகிறது. அதே டிரான்ஸ்பார்மரில் 115 வோல்ட் பக்கம் செய்த ஓபன் சர்க்யூட் சோதனையில் 115 வோல்ட், 2.4 ஆம்பியர், 60 வாட். 230 வோல்ட் பக்கம் செய்த ஷார்ட் சர்க்யூட் சோதனையில் 8.46 வோல்ட், 20 ஆம்பியர், 110 வாட். இவற்றை வைத்துக் கணக்குப் போட்டால் 96.2% தான் கிடைக்கிறது. எதை நம்புவது?

96.2-ஐ நம்புங்கள். லோடு சோதனையின் கணக்கு எங்கே இடிக்கிறது என்று பார்க்க ஒரு கழித்தல் போதும்: 4950 − 4870 = 80 வாட். முழு மின்னோட்டத்தில் செப்பு இழப்பு (வைண்டிங் கம்பி சூடாவதில் போவது) மட்டுமே 130 வாட் என்று உங்கள் ஷார்ட் சர்க்யூட் அளவீடு சொல்கிறது (எப்படி என்று கீழே வருகிறது). ஓபன் சர்க்யூட் சோதனை காட்டிய இரும்பு இழப்பு (கோரில் போவது) 60 வாட்டைச் சேர்த்தால் 190. அப்படியிருக்க மொத்த இழப்பு 80 வாட்டாக இருக்க வழியே இல்லை.

தப்பு உங்கள் கையில் இல்லை, முறையில் இருக்கிறது. இரண்டு பெரிய எண்களைக் கழித்து ஒரு சின்ன எண்ணைப் பிடிக்கப் பார்க்கிறீர்கள். இரண்டு பக்கமும் முழு அளவு 7500 வாட் கொண்ட கிளாஸ் 1 வாட்மீட்டர் என்று எழுதியிருக்கிறீர்கள். கிளாஸ் 1 என்றால் முழு அளவில் 1%, அதாவது 75 வாட் வரை ஒவ்வொரு மீட்டரும் தள்ளிக் காட்டலாம். ஒன்று கூட்டியும் மற்றது குறைத்தும் காட்டினால் 150 வாட் போய்விடும். உங்களுக்கு விழுந்த துண்டு 190 − 80 = 110 வாட், அந்த எல்லைக்குள்தான் இருக்கிறது. வாசித்ததில் 0.5% மட்டுமே பிழை வரும் உயர்ந்த மீட்டர்களை வைத்தாலும் இரண்டு பக்கமும் சேர்ந்து ஏறக்குறைய 50 வாட். 190 வாட் இழப்பில் அது கால்வாசி. டிரான்ஸ்பார்மர் போன்ற 95 சதவீதத்துக்கு மேற்பட்ட எஃபிஷியன்சி உள்ள எதிலும், இழப்பை நேரடியாக அளந்து அதிலிருந்து எஃபிஷியன்சியைக் கணக்கிடுவதுதான் வழி. இழப்பில் 5% பிழை வந்தாலும் எஃபிஷியன்சியில் அது 0.2 சதவீதப் புள்ளிக்கும் குறைவாகவே தெரியும். லோடு சோதனையை ரெகுலேஷன் (லோடு போட்டால் வோல்டேஜ் எவ்வளவு இறங்குகிறது என்பது) பார்க்கவும், சூடு பார்க்கவும் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அந்த இரண்டு சோதனைகளும் சரியாக நடந்தனவா என்று பார்ப்போம். கணக்கு எளிது, அதற்குள் போகும் எண்களில்தான் கோளாறு வரும்.

ஓபன் சர்க்யூட் சோதனையில் 230 வோல்ட் பக்கம் திறந்திருக்க, 115 வோல்ட் பக்கம் முழு வோல்டேஜ் கொடுக்கிறோம். கோரில் ஃப்ளக்ஸ் முழுதாக இருப்பதால் வாட்மீட்டர் காட்டுவது கிட்டத்தட்ட முழுக்க இரும்பு இழப்பு. 115 வோல்ட் வைண்டிங்கின் டிசி ரெசிஸ்டன்ஸ் 0.034 ஓம் என்று கொண்டால், 2.4 ஆம்பியரில் செப்பு இழப்பு 0.2 வாட், மறந்துவிடலாம்.

பவர் ஃபேக்டர் = 60 ÷ (115 × 2.4) = 0.217
இழப்புக்கான மின்னோட்டம் = 60 ÷ 115 = 0.52 ஆம்பியர்
காந்தமாக்கும் மின்னோட்டம் = √(2.4² − 0.52²) = 2.34 ஆம்பியர்
கோர் ரெசிஸ்டன்ஸ் = 115² ÷ 60 = 220 ஓம்
காந்தமாக்கும் ரியாக்டன்ஸ் = 115 ÷ 2.34 = 49 ஓம்

இவை 115 வோல்ட் பக்கத்து மதிப்புகள். 230 வோல்ட் பக்கம் கொண்டுபோக 2² = 4-ஆல் பெருக்க வேண்டும்: 882 ஓம், 196 ஓம். தேர்வுத்தாள்களில் மார்க் போகும் இடம் இதுதான். ஓபன் சர்க்யூட் ஒரு பக்கம், ஷார்ட் சர்க்யூட் மறு பக்கம் என்று செய்துவிட்டு, இரண்டையும் அப்படியே ஒரே படத்தில் எழுதிவிடுவார்கள்.

பவர் ஃபேக்டர் 0.217 என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். கோணம் 77 டிகிரிக்கு மேல். வாட்மீட்டரில் வோல்டேஜை உணரும் பிரஷர் காயிலில் அரை டிகிரி கோணப் பிழை இருந்தாலே இந்த இடத்தில் 4% தவறும். விளக்கு லோடில் அதே பிழை கண்ணுக்கே தெரியாது. அதோடு, 150 வோல்ட், 2.5 ஆம்பியர் சாதாரண யூனிட்டி பவர் ஃபேக்டர் மீட்டரின் முழு அளவு 375 வாட். அதில் 60 வாட் என்பது முள் சற்றே அசையும் இடம். கிளாஸ் 1 பிழையான 3.75 வாட், 60-இல் 6% ஆகிவிடுகிறது. இதற்குத்தான் 0.2 பவர் ஃபேக்டர் எல்.பி.எஃப். (லோ பவர் ஃபேக்டர்) வாட்மீட்டர். அதே வோல்ட், ஆம்பியர் ரேஞ்சில் முழு அளவு 150 × 2.5 × 0.2 = 75 வாட். 150 பிரிவு உள்ள டயல் என்றால் ஒரு பிரிவு அரை வாட், முள் 120-இல் நிற்கும். அந்த 0.2-ஐப் பெருக்க மறந்தால் 60 வாட் 300 வாட் ஆகும். 5 கே.வி.ஏ.வுக்கு 300 வாட் இரும்பு இழப்பு என்று யாராவது எழுதியிருந்தால் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

வோல்டேஜைச் சரியாக 115-இல் நிறுத்துங்கள். இரும்பு இழப்பு ஏறத்தாழ வோல்டேஜின் வர்க்கத்தோடு போகும். 110-இல் நிறுத்தினால் 55 வாட்தான் காட்டும், 120 என்றால் 65. காந்தமாக்கும் மின்னோட்டம் இன்னும் மோசம். கோர் செறிவை நெருங்கும்போது அது வர்க்கத்தையும் தாண்டி ஏறும். அந்த மின்னோட்டத்தின் அலை வடிவம் சைன் அலை இல்லை, கூராக இருக்கும். அதனால் ட்ரூ ஆர்.எம்.எஸ். இல்லாத சாதாரண கிளாம்ப் மீட்டர் குறைத்துக் காட்டும். வேரியாக்கை (வோல்டேஜைக் குமிழால் ஏற்றி இறக்கும் ஆட்டோ டிரான்ஸ்பார்மரை) சுழியத்திலிருந்து ஏற்றுங்கள். 115 வோல்ட்டை ஒரேயடியாகச் சுவிட்ச் போட்டால் முதல் சில சைக்கிள்களில் பாயும் இன்ரஷ் மின்னோட்டம் முழு லோடு மின்னோட்டத்தைப் போலப் பல மடங்கு இருக்கலாம், 2.5 ஆம்பியர் மீட்டரின் முள் வளைந்துவிடும்.

ஷார்ட் சர்க்யூட் சோதனையில் நீங்கள் 20 ஆம்பியரில் நிறுத்தியிருக்கிறீர்கள். முழு மின்னோட்டம் 5000 ÷ 230 = 21.74 ஆம்பியர். மீட்டர் 20 ஆம்பியர்தான் தாங்கும் என்றால் அங்கே நிறுத்துவது சரிதான், ஆனால் 110 வாட்டை அப்படியே முழு லோடு செப்பு இழப்பு என்று எடுக்கக் கூடாது. வாட் வர்க்கத்தில் ஏறும், வோல்ட் நேர்விகிதத்தில் ஏறும்:

செப்பு இழப்பு = 110 × (21.74 ÷ 20)² = 130 வாட்
வோல்டேஜ் = 8.46 × (21.74 ÷ 20) = 9.2 வோல்ட்

9.2 வோல்ட் என்பது 230-இல் 4%. இதுதான் நேம்பிளேட்டில் போடும் இம்பிடன்ஸ் சதவீதம். முழு வோல்டேஜில் ஷார்ட் ஆனால் 100 ÷ 4 = 25 மடங்கு, சுமார் 543 ஆம்பியர் பாயும் என்பதும் இதிலேயே இருக்கிறது. வேரியாக் சுழியத்தில் இருக்கிறதா என்று பார்க்காமல் மெயினைப் போடக் கூடாது என்பதற்கு வேறு காரணம் தேவையில்லை. 270 வோல்ட் வேரியாக்கில் 9 வோல்ட் என்பது குமிழின் ஒரு சின்ன அசைவு. நடுவில் ஒரு 230/24 வோல்ட் ஸ்டெப் டவுன் வைத்தால் நிதானமாக ஏற்றலாம். அதுவும் 20 ஆம்பியருக்குமேல் தரக்கூடியதாக இருக்க வேண்டும், 24 வோல்ட்டில் 500 வி.ஏ.வுக்குக் குறையாமல்.

230 வோல்ட் பக்கத்து மதிப்புகள்:

இம்பிடன்ஸ் = 9.2 ÷ 21.74 = 0.423 ஓம்
ரெசிஸ்டன்ஸ் = 130 ÷ 21.74² = 0.275 ஓம்
லீக்கேஜ் ரியாக்டன்ஸ் = √(0.423² − 0.275²) = 0.32 ஓம்

சதவீதத்தில் எழுதினால் வேலை இன்னும் சுலபம்: ரெசிஸ்டன்ஸ் 130 ÷ 5000 = 2.6%, இம்பிடன்ஸ் 4%, ரியாக்டன்ஸ் √(16 − 6.76) = 3.04%. சதவீதத்துக்குப் பக்கம் கிடையாது, 4-ஆல் பெருக்கும் தொல்லையும் இல்லை.

இந்தச் சோதனையைக் கெடுக்கும் முதல் ஆள் அந்த ஷார்ட் கம்பி. 115 வோல்ட் பக்கத்தில் 43.5 ஆம்பியர் ஓடுகிறது. அங்கே கையில் கிடைத்த 2.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியை ஒரு மீட்டர் நீளத்துக்குப் போட்டு ஷார்ட் செய்தால் அதன் ரெசிஸ்டன்ஸ் சுமார் 7.4 மில்லி ஓம். 43.5² × 0.0074 = 14 வாட். 130 வாட் 144 ஆகிவிட்டது. டிரான்ஸ்பார்மர் சுற்றியவர் மேல் பழி வரும், எரிந்தது உங்கள் கம்பி. 16 சதுர மில்லிமீட்டர் கேபிளில் 30 சென்டிமீட்டர் வெட்டி, இரண்டு முனையும் லக் கிரிம்ப் செய்து, டெர்மினல் ஸ்டட்டில் நேராக முறுக்கினால் கம்பியில் ஒரு வாட்டுக்கும் குறைவுதான் போகும். ஷார்ட் பாதைக்குள் அம்மீட்டரைச் சொருகுவதும் இதே தப்பு. மின்னோட்டத்தை 230 வோல்ட் பக்கமே அளந்தால் போதும். சோதனையை ஹை வோல்டேஜ் பக்கம் செய்வதற்குக் காரணமும் ஓரளவு இதுதான்: 21.74 ஆம்பியரும் 9.2 வோல்ட்டும் கையாள எளிது. மறு பக்கம் செய்தால் 43.5 ஆம்பியர், 4.6 வோல்ட்.

இரும்பு இழப்பு இங்கே கலந்துவிடாதா என்று கேட்பார்கள். 9.2 வோல்ட்டில் ஃப்ளக்ஸ் முழு அளவில் 4 சதவீதத்துக்கு மேல் போகாது. வர்க்கம் எடுத்தால் 60 வாட்டில் 0.1 வாட் அளவு. கவலை வேண்டாம்.

வாட்மீட்டர் இணைப்பில் ஒரு சின்ன விஷயம். ஓபன் சர்க்யூட்டில் மின்னோட்டம் சிறிது என்பதால் பிரஷர் காயிலைச் சப்ளை பக்கம் போடுங்கள். ஷார்ட் சர்க்யூட்டில் வோல்டேஜ் சிறிது, கரண்ட் காயிலில் விழும் வோல்டேஜே பெரிய பங்காகிவிடும், எனவே பிரஷர் காயில் டிரான்ஸ்பார்மர் டெர்மினலில் நேராக. ஈடுகட்டும் காயில் உள்ளேயே வைத்த எல்.பி.எஃப். மீட்டர் என்றால் அதன் டயலில் போட்டிருக்கும் படத்தைப் பின்பற்றுங்கள்.

இப்போது எஃபிஷியன்சி. 0.8 பவர் ஃபேக்டரில் முழு லோடு: 4000 ÷ (4000 + 60 + 130) = 95.5%. பாதி லோடில் செப்பு இழப்பு கால்வாசி, 32.5 வாட்: 2000 ÷ 2092.5 = 95.6%. கால் லோடில் 1000 ÷ 1068 = 93.6%. இரும்பு இழப்பும் செப்பு இழப்பும் சமமாகும் இடத்தில் உச்சம். அது √(60 ÷ 130) = 0.68 பங்கு லோடு, அதாவது 3.4 கே.வி.ஏ.; அங்கே 0.8 பவர் ஃபேக்டரில் 95.8%. பாதி லோடுக்கும் முழு லோடுக்கும் நடுவே வளைவு தட்டையாகவே போகிறது என்பதைக் கவனியுங்கள். அந்த உச்சப் புள்ளியைத் துல்லியமாகக் கண்டுபிடிப்பதில் தேர்வு எழுதுபவருக்குத்தான் லாபம்.

உங்கள் லோடு சோதனையில் அவுட்புட் 5000 இல்லாமல் 4870 வாட் ஆனது ஏன் என்பதற்கு ரெகுலேஷன் பதில் சொல்லும். சதவீத வீழ்ச்சி = ரெசிஸ்டன்ஸ் % × காஸ் + ரியாக்டன்ஸ் % × சைன் (இரண்டும் பவர் ஃபேக்டர் கோணத்துக்கு). விளக்கு லோடில் 2.6%, அத்துடன் ஒரு சிறு திருத்தம் 3.04² ÷ 200 = 0.05. மொத்தம் 2.65%. 115 வோல்ட் 112-க்கு இறங்கும். 112 × 43.48 = 4870. வோல்ட்மீட்டரும் அம்மீட்டரும் ஒழுங்காகத்தான் காட்டியிருக்கின்றன. ஐ.இ.சி. (சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம்) மற்றும் இந்தியத் தர முறையில் 5 கே.வி.ஏ. என்பது லோடு இல்லாத வோல்டேஜையும் முழு மின்னோட்டத்தையும் பெருக்கியது. அமெரிக்க முறையில் அது செகண்டரி டெர்மினலில் நிஜமாகக் கிடைக்கும் அவுட்புட். இரண்டு முறை நேம்பிளேட்டுகளை ஒப்பிடும்போது இந்த வித்தியாசம் காலை வாரும்.

0.8 லேகிங்கில் (மின்னோட்டம் வோல்டேஜுக்குப் பின்தங்கும்போது) 2.6 × 0.8 + 3.04 × 0.6 = 3.9%. 0.8 லீடிங்கில் (மின்னோட்டம் முந்தும்போது) இரண்டாம் உறுப்பு கழியும்: 2.08 − 1.82 = 0.26%. இந்த இடத்தில் மட்டும் திருத்தத்தை விட்டுவிடக் கூடாது. (3.04 × 0.8 + 2.6 × 0.6)² ÷ 200 = 0.08, எனவே சரியான விடை 0.34%. வீழ்ச்சி சுழியத்தை நெருங்கும்போது சின்னத் திருத்தமே விடையில் கால்வாசி ஆகிவிடுகிறது.

அடுத்து வெப்பநிலை. 130 வாட் என்பது வைண்டிங் குளிர்ந்திருந்தபோது அளந்தது. இந்திய விநியோக டிரான்ஸ்பார்மர்களுக்கான ஐ.எஸ். 1180 தரத்தில் இழப்பைச் சொல்வது 75 டிகிரியில். சோதனை நேரத்தில் வைண்டிங் 32 டிகிரி என்று வைத்துக்கொண்டால், செப்புக்கான பெருக்கு எண் (235 + 75) ÷ (235 + 32) = 1.161. அலுமினிய வைண்டிங் என்றால் 235-க்குப் பதில் 225. ஆனால் 130 முழுவதையும் 1.161-ஆல் பெருக்கிவிடக் கூடாது. அதில் வைண்டிங்கின் டிசி ரெசிஸ்டன்ஸால் வருவது மட்டும்தான் சூட்டோடு ஏறும். கடத்திக்குள்ளும் கிளாம்பிலும் சுழலும் எடி மின்னோட்டத்தின் பங்கு, அதாவது ஸ்ட்ரே இழப்பு, சூட்டில் குறையும். நான்கு கம்பி முறையில் டிசி ரெசிஸ்டன்ஸ் 230 வோல்ட் பக்கம் 0.128, 115 வோல்ட் பக்கம் 0.034 ஓம் என்று கிடைத்தால்:

230 பக்கத்துக்கு மாற்றிய மொத்தம் = 0.128 + 4 × 0.034 = 0.264 ஓம்
டிசி பங்கு = 21.74² × 0.264 = 124.8 வாட்
ஸ்ட்ரே பங்கு = 130 − 124.8 = 5.2 வாட்
75 டிகிரியில் = 124.8 × 1.161 + 5.2 ÷ 1.161 = 149.4 வாட்

ஸ்ட்ரே பங்கு எதிர்மறையாக வந்தால் இயற்பியல் மாறவில்லை. டிசி ரெசிஸ்டன்ஸ் அளக்கும்போது கிளிப் ரெசிஸ்டன்ஸும் சேர்ந்துகொண்டிருக்கிறது, அல்லது இரண்டு அளவீட்டுக்கும் நடுவில் வைண்டிங் சூடாகிவிட்டது. டிரான்ஸ்பார்மரை இரவு முழுதும் ஆறவிட்டு, காலையில் முதல் வேலையாக டிசி அளவு, உடனே ஷார்ட் சோதனை என்று முடித்துவிடுங்கள்.

ஆக, சூடான நிலையில் மொத்த இழப்பு 209.4 வாட். 0.8 பவர் ஃபேக்டர் முழு லோடு எஃபிஷியன்சி 95.5-இலிருந்து 95.0-க்கு இறங்குகிறது. உச்சப் புள்ளியும் 3.2 கே.வி.ஏ.க்கு நகர்கிறது. ஒரு விற்பனைத் தாளில் எஃபிஷியன்சி போட்டு, எந்த வெப்பநிலை என்று போடாவிட்டால் அந்த அரை சதவீதம் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

ஐ.எஸ். 1180 இரும்பு, செப்பு என்று பிரிக்காமல், 50% லோடிலும் 100% லோடிலும் மொத்த இழப்பு இவ்வளவைத் தாண்டக் கூடாது என்று சொல்கிறது. அந்த இரண்டு எண்ணிலிருந்தே பிரித்துக்கொள்ளலாம்: செப்பு இழப்பு = இரண்டின் வித்தியாசம் × 4 ÷ 3. நம் டிரான்ஸ்பார்மரில் 209.4 − 97.4 = 112; 112 × 4 ÷ 3 = 149. மீதி 60 இரும்பு.

இரும்பு இழப்பையே ஹிஸ்டரிசிஸ் (கோரைத் திரும்பத் திரும்பக் காந்தமாக்குவதில் போவது), எடி (கோருக்குள் சுழலும் மின்னோட்டத்தில் போவது) என்று பிரிக்க வேண்டுமானால் அதிர்வெண் மாற்றக்கூடிய சப்ளை தேவை. வோல்டேஜையும் அதிர்வெண்ணையும் ஒரே விகிதத்தில் குறைத்து, ஃப்ளக்ஸை மாறாமல் வைத்து அளக்க வேண்டும். உதாரணத்துக்கு 50 ஹெர்ட்ஸ் 115 வோல்ட்டில் 60 வாட், 40 ஹெர்ட்ஸ் 92 வோல்ட்டில் 44.8, 30 ஹெர்ட்ஸ் 69 வோல்ட்டில் 31.2 என்றால், வாட்டை அதிர்வெண்ணால் வகுக்க 1.20, 1.12, 1.04. நேர்கோடு. ஒரு ஹெர்ட்ஸுக்கு 0.008 சரிவு, சுழிய அதிர்வெண்ணில் 0.8. எனவே 50 ஹெர்ட்ஸில் ஹிஸ்டரிசிஸ் 40 வாட், எடி 20 வாட். புள்ளிகள் நேர்கோட்டில் விழாவிட்டால் வோல்டேஜ் விகிதம் தவறியிருக்கிறது. 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த இறக்குமதி டிரான்ஸ்பார்மரை நம் 50 ஹெர்ட்ஸில் அதே வோல்டேஜுக்குப் போட்டால் ஃப்ளக்ஸ் 20% ஏறிவிடும். லோடே இல்லாமல் உறுமிக்கொண்டு சூடாவது அதனால்தான். வோல்டேஜை ஆறில் ஐந்து பங்காகக் குறைத்தால் ஃப்ளக்ஸ் பழைய இடத்துக்கு வரும்.

நாள் முழுக்க சப்ளையில் நிற்கும் டிரான்ஸ்பார்மருக்கு முழு லோடு எஃபிஷியன்சி பெரிதாக எதையும் சொல்லாது. யூனிட் கணக்குதான் பேசும். 5 மணி நேரம் முழு லோடு 0.8 பவர் ஃபேக்டரில், 7 மணி நேரம் பாதி லோடு 0.9-இல், மீதி 12 மணி நேரம் லோடு இல்லை என்று கொள்ளுங்கள். அவுட்புட் 20 + 15.75 = 35.75 யூனிட். இரும்பு இழப்பு 24 மணி நேரமும்: 1.44 யூனிட். செப்பு 0.149 × 5 + 0.037 × 7 = 1.01 யூனிட். நாள் எஃபிஷியன்சி 35.75 ÷ 38.2 = 93.6%. முழு லோடில் செப்பு இழப்பு இரும்பைப்போல் இரண்டரை மடங்கு. நாள் கணக்கில் இரும்புதான் பெரிய செலவாளி, ஆண்டுக்கு 526 யூனிட். இரவில் யாரும் பயன்படுத்தாத இடத்தில் பிரைமரி பக்கம் ஒரு சுவிட்ச் போட்டு 12 மணி நேரம் அணைத்தால் அதில் பாதி மிச்சம்.

கடைசியாக, முழு லோடில் எவ்வளவு சூடாகும் என்று பார்க்க 5 கிலோவாட் விளக்குகளை மணிக்கணக்கில் எரிக்க வேண்டியதில்லை. இதே மாதிரி இரண்டு டிரான்ஸ்பார்மர் இருந்தால் சம்ப்னர் சோதனை செய்யலாம். இங்கே ஓபன் சர்க்யூட்டைப் போலவே 115 வோல்ட் பக்கங்களைப் பேரலலாகச் சப்ளையில் போட்டு, 230 வோல்ட் பக்கங்களை எதிரெதிராகத் தொடரில் இணைத்து, அந்தச் சுற்றில் சுமார் 18.4 வோல்ட் செலுத்தினால் 21.74 ஆம்பியர் சுழலும். சப்ளை பக்க வாட்மீட்டர் இரண்டின் இரும்பு இழப்பான 120 வாட்டையும், செலுத்தும் பக்க வாட்மீட்டர் இரண்டின் செப்பு இழப்பான 260 வாட்டையும் காட்டும். வைண்டிங் சூடாக ஆக இந்த 260 ஏறும், அதைக் குறித்துக்கொண்டே வாருங்கள். சுற்றை மூடுவதற்கு முன் திறந்த முனைகளுக்கு நடுவே 600 வோல்ட் ரேஞ்ச் வோல்ட்மீட்டரை வைத்துப் பாருங்கள். சுழியம் காட்டினால் மூடலாம். 460 காட்டினால் ஒரு டிரான்ஸ்பார்மரின் 230 வோல்ட் முனைகளை இடம் மாற்றிப் போட்டு, மறுபடி அளந்து, சுழியம் பார்த்த பிறகே மூடுங்கள்.